கல்யாணத்துக்கு மறுநாள்

"தேனிலவுக்கு எங்கே?" என்று புதுப் பெண்ணைக் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் "ஊட்டிக்கு!" என்று பதில் வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது மாலத்தீவு, பாலி என்று ஆகாய விமானத்தில் பறக்கிறார்கள். பறக்கட்டும், நமக்கென்ன? ஆனாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தின் துணையோடு மூச்சு வாங்கிக் கொண்டு ஏறி வரும் எங்கள் மலை ரயிலில், மருதாணி மங்காத கைகளும் மஞ்சள் மங்காத தாலிச் சரடுமாகப் பெண்கள் வந்து இறங்குவது இன்றும் நிற்கவில்லை. கம்பளிச் சட்டை கொண்டு வர மறந்து போய், மாப்பிள்ளையின் கோட்டுக்குள் பாதி மறைந்து, பல் கிட்டும் குளிரிலும் சிரித்துக் கொண்டு நிற்பார்கள். பார்க்கப் பரம சந்தோஷமாயிருக்கும்.

இந்த ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல்; உதகமண்டலத்துக்கு வந்தது 1908-ல். இந்த மலையைத் தேடி வந்தவர்கள் நம்மைப் போன்ற சாமானியர்கள் மட்டும் அல்லவே! ராஜாக்களும் ராணிகளும் பரிவாரத்தோடு வந்தார்கள். மைசூர் மகாராஜாவுக்குப் பெர்ன்ஹில் அரண்மனை. ஜோத்பூர் மகாராஜாவுக்கு ஆரன்மோர் மாளிகை. ஐதராபாத் நிஜாமுக்குச் சிடார்ஸ். பரோடா ராஜ குடும்பத்துக்கும் இங்கே ஒரு வீடு இருந்தது. பெர்ன்ஹில் பின்னாளில் ஹோட்டலாயிற்று. ஆரன்மோர் இன்று 'தமிழகம்' என்ற பெயருடன் அரசாங்க விருந்தினர் மாளிகையாக இருக்கிறது.

ராஜ கல்யாணம் எந்தச் சமஸ்தானத்தின் தலைநகரிலாவது நடக்கும். யானையும் குதிரையும், பீரங்கி முழக்கமும் வாணவேடிக்கையும் அங்கே. எல்லாச் சந்தடியும் அடங்கிய பிறகு, கோடைக்காலத்தில் அந்த மணப்பெண் வந்து மூச்சு விடுகிற இடம் இந்த மலை. அதனாலேயோ என்னவோ, மலைவாசியான எனக்கு ராஜ கல்யாணச் செய்தி எதைப் படித்தாலும், "பெண் என்ன நகை போட்டிருந்தாள்?" என்ற கேள்வி முதலில் வரும், பொய் சொல்வானேன்! ஆனால் அதன் காலை மிதித்துக் கொண்டே இன்னொரு கேள்வியும் வந்து விடும். "மறுநாள் அந்தப் பெண் என்ன செய்தாள்?"

ராஜ கல்யாணம் என்றால் நமக்கெல்லாம் ஏன் இத்தனை ஆசை? அந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். மதுரையில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் நடப்பது என்ன? பாண்டிய ராஜகுமாரி மீனாட்சிக்குக் கல்யாணம். அம்மன் கழுத்தில் திருமங்கல்யம் ஏறும் அந்த நிமிஷத்தில், கூடியிருக்கும் ஆயிரமாயிரம் சுமங்கலிகள் தங்கள் தாலிச் சரட்டை மாற்றிக் கட்டிக் கொள்கிறார்கள். எங்கேயோ ஒரு ராஜகுமாரிக்கு நடக்கிற கல்யாணத்தில் தன் கல்யாணத்தையும் ஒரு தடவை நடத்திப் பார்த்துக் கொள்வது நம் பெண்களுக்குப் பழக்கமான காரியம். வீட்டு வேலை, ரேஷன் கடை, குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் என்று ஓடுகிற வாழ்க்கையில், வேறொருத்தியின் பட்டுப் புடவைச் சரசரப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுக் கொண்டிருப்பதில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை. நகையைப் பார்த்த பிறகு, நகைக்கு உள்ளே இருந்த பெண்ணையும் கொஞ்சம் பார்ப்போமே என்பதுதான் என் விண்ணப்பம்.

எங்கள் ஊட்டிக்குத் தேனிலவுக்கு வந்த ஒரு மகாராணியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

1940-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி, இமயமலையின் அடிவாரத்திலுள்ள கூச்பிகார் சமஸ்தானத்தில் ஒரு கல்யாணம். பெண் கூச்பிகார் ராஜகுமாரி காயத்ரி தேவி. மாப்பிள்ளை ஜெய்ப்பூர் மகாராஜா சவாய் மான்சிங்; போலோ ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர். பெண்ணோ, உலகப் பேரழகிகளில் ஒருவர் என்று 'வோக்' பத்திரிகை கொண்டாடிய அழகி. போதாக்குறைக்கு இது காதல் கல்யாணம்! மகாராஜா போலோ ஆடக் கல்கத்தாவுக்கு வந்த போது அவரை முதன் முதலில் பார்த்த ராஜகுமாரிக்கு வயது 12. அன்று மனத்தில் பதிந்தவரையே பல வருஷம் காத்திருந்து மணந்து கொண்டார் என்றால், ஜனங்கள் பேசுவதற்குக் கேட்க வேண்டுமா?

பரிசுகளின் பட்டியலைக் கேட்டால் தலை சுற்றும். போபால் நவாப் கொடுத்தது ஒரு பென்ட்லி மோட்டார். முசோரி மலையில் ஒரு வீடும் பரிசாக வந்தது. நம் வீட்டுக் கல்யாணங்களில் குத்துவிளக்கு ஏழும் சுவர்க் கடிகாரம் ஒன்பதும் வந்து சேர்ந்து, அவற்றை எங்கே வைப்பது என்று திண்டாடுகிறோமே, அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை.

ஆனால் காலம் எப்படிப்பட்ட காலம் தெரியுமா? கல்யாணத்துக்கு மறுநாள், மே 10-ஆம் தேதி, ஜெர்மானியப் படைகள் ஹாலந்து, பெல்ஜியம் எல்லைகளைத் தாண்டிப் பாய்ந்தன. இங்கிலாந்தில் சர்ச்சில் பிரதம மந்திரியானதும் அன்றைக்கேதான். உலகம் தீப்பற்றி எரிய ஆரம்பித்த சமயத்தில்தான் அந்தப் புதுத் தம்பதிகள் இமயத்தின் அடியிலிருந்து புறப்பட்டுத் தேசத்தின் மறுகோடியிலுள்ள நீலகிரிக்கு வந்தார்கள். கல்யாணம் ஆன 14-ஆம் நாள் மணப்பெண்ணுக்கு 21 வயது நிறைந்தது.

இந்தக் கதையில் பத்திரிகைப் படங்களில் விழாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சகோதரிகளே, நீங்கள் இத்தனை நேரம் "அதெல்லாம் சரி, ஆனால்..." என்று யோசித்திருப்பீர்கள். ஆம், காயத்ரி தேவி மகாராஜாவுக்கு மூன்றாவது மனைவி. முதல் கல்யாணம் 1924-ல் நடந்தது, இரண்டாவது 1932-ல். மூத்தவர்கள் இருவரும் ஜோத்பூர் ராஜ குடும்பத்துப் பெண்கள். உறவில் அத்தையும் மருமகளும்! எல்லாம் சமஸ்தானங்களுக்குள் பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். அவர்கள் பிறந்த வீட்டு மாளிகைதான், மேலே சொன்ன ஆரன்மோர். மூன்றாவது ராணி தேனிலவுக்கு வந்த அதே ஊரில் மூத்த ராணிகளின் பிறந்த வீட்டுப் பெயரும் விளங்கியது என்றால், விதி எப்படியெல்லாம் கோலம் போடுகிறது பாருங்கள்!

இதற்காகக் காயத்ரி தேவியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்தக் காலத்துச் சட்டம் ஆணுக்கு அத்தனை தாராளமாக இருந்தது. மகாராஜா என்ன, மளிகைக் கடைக்காரரும் அன்று இரண்டாம் தாரம் கட்டிக் கொள்ளலாம்; முதல் மனைவி வாயை மூடிக் கொண்டிருக்க வேண்டும். சென்னை ராஜ்யத்தில் அதற்குத் தடை போட்டது 1949-ஆம் வருஷத்துச் சட்டம். 1955-ல் வந்த இந்து விவாகச் சட்டம் அதையே தேசம் முழுவதற்கும் விதியாக்கியது. இன்று ஒரு பெண் தைரியமாகத் தலை நிமிர்ந்து "அது நடக்காது" என்று சொல்கிறாளே, அந்தத் தைரியத்துக்குப் பின்னால், எந்தப் படத்திலும் விழாமல் அந்தப்புரத்தில் இருந்த எத்தனையோ மூத்த ராணிகளும், எத்தனையோ மூத்தாள்களும் பட்ட பாடு இருக்கிறது.

புது ராணிக்கும் அந்தப்புரம் காத்திருந்தது. சாந்திநிகேதனில் படித்தவர், சுவிட்சர்லாந்தில் படித்தவர், 12 வயதில் சிறுத்தையைச் சுட்டவர், குதிரை ஏறுபவர். அப்படிப்பட்டவர் ஜெய்ப்பூருக்குள் ரயில் நுழையும் போது ஜன்னல் திரைகளை இறக்கி விட்டு, முகத்தை மூடிக் கொள்ள வேண்டியிருந்தது. உலகமே பார்க்க ஆசைப்பட்ட முகத்தைச் சொந்த ஊரார் பார்க்கக் கூடாதாம்! கல்யாணத்தன்று அத்தனை கண்களும் ஒரு பெண்ணை மொய்க்கின்றன. கல்யாணம் முடிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. கோஷா முறை ராஜஸ்தானத்து அரண்மனைகளில் மட்டுமா இருந்தது? மேடையில் உட்கார வைத்து ஊருக்கெல்லாம் காட்டிய பெண்ணை, மறு வாரமே "வாசலில் நிற்காதே, யாரோடும் பேசாதே" என்று சொல்கிற வீடுகள் நம் தெருக்களிலும் இல்லையா?

ராஜ குடும்பங்களில் மருமகளாகப் போகிறவள் முகத்தை மட்டும் அல்ல, சில இடங்களில் பெயரையும் விட்டு விட வேண்டும். இதற்கும் காயத்ரி தேவியின் பாட்டனார் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அவர் பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட். 1880-ல் அவர் முதன் முதலில் மணந்து கொண்ட பெண் யார் தெரியுமா? நம் தஞ்சாவூர்ப் பெண்! லட்சுமிபாய் என்று பெயர். சீதனத்தோடு சீதனமாகத் தஞ்சாவூர் சதிர் ஆட்டக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் கூடவே பரோடாவுக்கு அனுப்பி வைத்தார்கள். குஜராத்தில் பரத நாட்டியம் வேரூன்றிய கதை அந்தக் கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது. புக்ககத்தில் லட்சுமிபாய்க்கு வைத்த பெயர் சிம்னாபாய். 1885-ல், இளம் வயதிலேயே, அவர் காலமாகி விட்டார். அதே வருஷம் மகாராஜா மறுமணம் செய்து கொண்டார். வந்த பெண்ணின் பெயர் கஜ்ராபாய். அவருக்கும் புக்ககத்தில் என்ன பெயர் வைத்தார்கள் என்கிறீர்கள்? அதே சிம்னாபாய்!

ஆனால் அந்த இரண்டாவது சிம்னாபாய் பெயரை மாற்றியதற்கெல்லாம் மசிகிற பெண் அல்ல. திரையை விலக்கிக் கொண்டு வெளியே வந்தார். பெண்களின் நிலைமையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1927-ல் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு முதன் முதலாகக் கூடிய போது தலைமை வகித்தவர் அவரே. அவருடைய பெண் இந்திரா, 1911-ல், குவாலியர் மகாராஜாவுக்கு நிச்சயமான தம் கல்யாணத்தைத் தாமே முறித்துக் கொண்டார். கூச்பிகார் இளவரசர் ஜிதேந்திர நாராயணை 1913-ல் லண்டனில் மணந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. தேசமெல்லாம் வாய் ஓயாமல் பேசிற்று. 1922-ல் கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளோடு நின்ற போது, பேசிய வாய்கள் எத்தனை துணைக்கு வந்திருக்கும்? இந்திரா தேவி இடிந்து போய் உட்காரவில்லை. பிள்ளைக்கு வயது வரும் வரையில் கூச்பிகார் சமஸ்தானத்தைத் தாமே ஆண்டார். அவர் வயிற்றில் பிறந்தவர்தான் காயத்ரி தேவி. பிறகு ஜெய்ப்பூர்த் திரை எத்தனை நாள் தாங்கும்?

மூன்றே வருஷம். 1943-ல் ஜெய்ப்பூரில் அவர் பெயரால் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. கோஷாவில் இருந்த பெரிய வீட்டுப் பெண்களை வெளியே கொண்டு வருவதற்கு அவர் கண்ட வழி அது. "முகத்திரையை எடு" என்று சொன்னால் மாமியார்மார்கள் சண்டைக்கு வருவார்கள். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்று மகாராணியே சொன்னால் என்ன செய்வார்கள்? அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. போபால் நவாப் கொடுத்த மோட்டார் இன்று எங்கே ஓடுகிறதோ, யார் கண்டார்கள்?

பிறகு 1959-ல் நம் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். சேலத்து வக்கீல் ஆரம்பித்த கட்சியில் ஜெய்ப்பூர் மகாராணி சேர்ந்தார். 1962-ஆம் வருஷத் தேர்தலில் ஜெய்ப்பூர்த் தொகுதியில் பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 வாக்குகள் அவருக்கு! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய வெற்றி அது. யார் பார்க்கக் கூடாது என்று ரயிலில் திரையை இறக்கினார்களோ, அந்த ஜனங்களிடமே முகத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். 1975-ல் நெருக்கடி நிலையின் போது திகார் சிறைக்கும் போனார். 2009-ல் காலமானார். ராணி என்பதால் ஓட்டு விழுந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ராணிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லோருமா வெயிலில் கிராமம் கிராமமாக அலைந்தார்கள்?

ஊட்டியில் சிடார்ஸ் மாளிகைக்குச் சொந்தக்காரரான நிஜாமின் வீட்டிலும் இப்படி ஒரு பெண் உண்டு. 1931 நவம்பர் 12-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தில் நிஜாமின் பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம். மூத்தவருக்குத் துருக்கியின் கடைசிக் கலீபாவின் மகள் துர்ரு ஷெவார். இளையவருக்கு அதே வம்சத்து நிலோபர். இரண்டு பேருமே பேரழகிகள். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் நிலோபரின் புடவை அழகை எழுதித் தள்ளின. அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதையும் ஊர் பேசாமல் விட்டிருக்குமா? ராஜ குடும்பத்து மருமகளின் மடி காலியாயிருந்தால் அது சமஸ்தானத்து விவகாரம் அல்லவா!

1949-ல் நிலோபரின் பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்து போனாள். தமக்கு வாய்க்காத தாய்மை, தம் பணிப்பெண்ணின் உயிரையே வாங்கி விட்டதைக் கண்ட நிலோபர், ஏழைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரி வேண்டும் என்று முனைந்தார். 1953-ல் ஐதராபாத்தில் எழுந்தது நிலோபர் ஆஸ்பத்திரி. அதற்கு முந்தின வருஷமே அவருடைய கல்யாண பந்தம் முறிந்து போயிற்று. நீஸ் நகரத்துக் கல்யாணம் நிலைக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் தாய்மார்கள் குழந்தைகளைத் தோளில் போட்டுக் கொண்டு காத்திருக்கிறார்கள்.

ராஜ கல்யாணங்களைப் பற்றிப் பேசும் போது கணக்கு வழக்கையும் பேசி விட வேண்டும். குடும்பப் பத்திரிகையில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி? 1948-ல் ஜெய்ப்பூர் மகாராஜா தம் பெண்ணுக்குச் செய்த கல்யாணம், உலகத்திலேயே அதிகச் செலவில் நடந்த கல்யாணம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்து கொண்டிருந்த சமயம் அது. அணையப் போகிற விளக்கின் பிரகாசம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? தலைமுறை தலைமுறையாக வயலில் குனிந்து நின்றவன் கொடுத்த நிலவரியிலிருந்துதான்.

அதற்கு முந்தின வருஷம், 1947 நவம்பர் 20-ஆம் தேதி, லண்டனில் எலிசபெத் இளவரசிக்குக் கல்யாணம். யுத்தம் முடிந்தும் அங்கே துணிக்கு ரேஷன். இளவரசிக்கும் கூப்பன் கொடுத்தால்தான் கல்யாண உடுப்புக்குத் துணி! அரசாங்கம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. அதற்குள் பிரிட்டிஷ் பெண்கள் பலர், தாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த கூப்பன்களை இளவரசிக்குத் தபாலில் அனுப்பி விட்டார்கள். ஒருவர் கூப்பனை மற்றொருவர் உபயோகிப்பது சட்ட விரோதம் என்பதால் அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன. அந்தக் கல்யாணத்துக்கு நம் நாட்டிலிருந்து போன பரிசுகளில் இரண்டைச் சொல்கிறேன். நிஜாம் கொடுத்தவை வைரக் கிரீடமும் வைர அட்டிகையும். மகாத்மா காந்தி கொடுத்தது, தம் கையால் நூற்ற நூலில் பின்னிய ஒரு சிறு துணி. நடுவே 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்துக்கள்.

இன்று சமஸ்தானங்கள் இல்லை. மன்னர் மானியமும் 1971-ல் ஒழிந்தது. ஆனால் ராஜ கல்யாணம் ஒழிந்து விட்டதா? 2016-ல் மைசூர் அரண்மனையில் யதுவீர் உடையாருக்கும் துங்கர்பூர் ராஜகுமாரி திரிஷிகாவுக்கும் கல்யாணம் நடந்த போது, 40 வருஷத்துக்குப் பிறகு அந்த அரண்மனையில் நடக்கும் ராஜ கல்யாணம் என்று ஊரே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தது. 2024-ல் பம்பாயில் அம்பானி வீட்டுக் கல்யாணத்தை உலகமே கைபேசியில் பார்த்தது. கிரீடம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஜமீன்தாரும் இல்லை, மகாராஜாவும் இல்லை. வியாபாரிகளும் சினிமாக்காரர்களும் ராஜாக்களாகி விட்டார்கள்.

ராஜாவைப் பார்த்துப் பார்த்து நாமும் ஒரு நாளைக்கு ராஜாவாகி விட ஆசைப்படுகிறோம் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. மாதச் சம்பளக்காரர் ஒருவர் பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி, மிச்சத்துக்கு வீட்டை அடகு வைத்து, பெண்ணை ரதத்தில் ஏற்றி, மேலே யந்திரப் பொம்மை பறந்து படமெடுக்க, சாப்பாட்டில் 32 வகை பரிமாறுகிறார். வரதட்சணை கூடாதென்று 1961-லேயே சட்டம் வந்து விட்டது. அதனால் என்ன? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள், மண்டபம் மட்டும் நம் அந்தஸ்துக்குத் தகுந்தாற்போல்..." என்று இழுத்தால் போதாதா? மகாராஜா கல்யாணத்துக்கு ஊர் வரி கட்டிற்று. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாமே நமக்கு வரி போட்டுக் கொள்கிறோம். அந்த வரியைக் கட்டி முடிப்பதற்குள் பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து விடுகிறான்.

இந்த மலையிலேயே வேறு விதமான கல்யாணங்களும் உண்டு. படுகர் சமூகத்தில் வரதட்சணை கேட்பது வழக்கமில்லை. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். வந்த மருமகள் பெரியவர்களின் முன் தலை குனிந்து ஆசி பெறுவாள். பிறகு குடத்தை எடுத்துக் கொண்டு, பெண்கள் உடன் வர, ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வருவாள். அவளையும் ஊரே பார்க்கிறது. ஆனால் பார்க்கிறவர்கள் நாளைக்கும் அவளோடு அதே ஓடைக்குத் தண்ணீருக்குப் போகப் போகிறவர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் கூட நிற்கப் போகிறவர்கள்.

தோடர்களின் வழக்கம் இன்னும் அழகு. மனைவி ஏழு மாதக் கர்ப்பிணியாயிருக்கும் போது, சுற்றமெல்லாம் கூடி அவளைக் காட்டில் ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போகிறார்கள். குச்சியும் புல்லும் கொண்டு செய்த சின்னஞ்சிறு வில்லைக் கணவன் அவள் கையில் கொடுக்கிறான். பிறக்கப் போகும் குழந்தைக்கு நான் தகப்பன் என்று ஊரறியச் சொல்வதற்கு அதுவே அடையாளம். ஒரு பெண்ணுக்கு ஜனங்களின் துணை எப்போது அதிகம் வேண்டியிருக்கிறதோ, அந்தச் சமயத்தில் கூட்டம் கூடுகிறது. நாமோ முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் வந்து, அட்சதை போட்டு, மொய் எழுதி, தாம்பூலப் பையை வாங்கிக் கொண்டு போகிறோம். மூன்றாம் மாதம் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க ஒரு ஆள் இருப்பதில்லை.

எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் தொழிற்சாலை டீ மேக்கராக இருந்த ஒருவரின் பெண்ணுக்குச் சமவெளியில் ஒரு பெரிய ஊரில் கல்யாணம் ஆயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் லாரி பிடித்துக் கொண்டு போய் வாழ்த்தி விட்டு வந்தார்கள். மாலை வரவேற்பில் மின்சார விளக்குத் தோரணத்தைப் பார்த்து அசந்து போனதை ஒரு மாதம் பேசினார்கள். அவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி மட்டும், நாலு மாதம் கழித்து வேறு காரியமாக அந்த ஊருக்குப் போன போது, விலாசத்தைத் தேடிப் பிடித்து அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாள். கையில் கொண்டு போனது அரைக் கிலோ தேயிலைத் தூள். அவ்வளவுதான். பெண் கதவைத் திறந்தவள், அந்த அம்மாளின் தோளில் சாய்ந்து அழுத அழுகை தெருவுக்கே கேட்டதாம். பெரிய கொடுமை ஒன்றும் இல்லை; வந்த நாளிலிருந்து "நீ எப்படி இருக்கிறாய்?" என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்க ஒருத்தி வந்ததும் அணை உடைந்து விட்டது. அந்த அம்மாள் மாமியாருக்கு எதிரிலேயே, "நான் மாதம் ஒரு தடவை போன் போடுவேன், பொண்ணு கையிலே கொடுங்க தாயி" என்று சொல்லி விட்டுத்தான் கிளம்பினாள். சொன்னபடியே போடுகிறாள்.

சகோதரிகளே, அடுத்த ராஜ கல்யாணம் எங்கே நடந்தாலும் நாம் எல்லோரும் பார்ப்போம். நானும் பார்ப்பேன், புடவையின் விலையைப் பற்றி உங்களோடு வம்பு பேசுவேன். அதோடு, சென்ற தை மாதத்திலும் ஆவணி மாதத்திலும் நீங்கள் போய் வந்த கல்யாணங்களின் பத்திரிகைகள் அலமாரியில் எங்காவது கிடக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துப் பெண்ணின் பெயரைப் பாருங்கள். இன்று சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் அவளுக்கு ஒரு போன் போட்டு, "எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் "நன்றாயிருக்கிறேன்" என்று சொன்ன பிறகும், கொஞ்ச நேரம் வைக்காமல் இருங்கள்.